பாப்பா வருவதற்குள் ஆற வேண்டிய கை

மார்கழி 14, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை தெருமுனை தெரியவில்லை. வாலாஜாபாத் பஸ். ஜன்னலோர சீட். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்ததும் விரலெல்லாம் சுருக்கென்றது.

மாலதி அவள் அம்மா வீட்டில். தலைப்பிரசவம். பாப்பாவுக்கு இன்று அறுபத்தைந்தாவது நாள். போன தடவையைவிட முகம் அகலம். விழித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து சுட்டுவிரலால் கன்னத்தைத் தொட்டேன். ஒரே ஒரு தடவை. மேலிருந்து கீழே.

சிவப்பாக ஒரு கோடு. சிலேட்டுக் குச்சியால் இழுத்த மாதிரி. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வாய் கோணியது. பிறகு அழுகை.

அத்தை ஓடி வந்து தூக்கிக்கொண்டார். "பசிக்குது போல மாப்பிள்ளை." பசி இல்லை. இப்போதுதான் குடித்து முடித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அதற்கு நன்றி. உள்ளறையில் போய், தணிந்த குரலில்: "கை இன்னாமா அப்படி இருக்குது, உப்புத்தாளு மாதிரி. கொழந்த தோலு தாங்குமா?"

பத்து நிமிஷத்தில் கோடு மறைந்தது. மாலதி கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க, ஒண்ணுமே இல்ல. தூக்குங்க." சளி பிடித்திருக்கிறது, வேண்டாம் என்றேன். இன்றைக்குப் பொய்யில் அத்தையும் நானும் சமம்.

உண்மையைச் சொன்னால், இன்னும் ஒரு தடவைகூட அவளைத் தூக்கியதில்லை. பிறந்த அன்று நர்ஸ் கையில் கொடுத்தார். மூன்று சுற்றுத் துணிக்குள் இருந்தாள். நான் தூக்கியது துணியை.

திரும்பும் பஸ்ஸில் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வலது கட்டைவிரல் – நகத்தோரம் பிளவு. ஆழம். உள்ளே சிவப்பு.
சுட்டுவிரல் – முதல் கணுவில் இரண்டு. மடக்கினால் திறக்கும்.
நடுவிரல் – நுனி முழுக்க உரிந்து செதில்.
உள்ளங்கை – கோடையில் காய்ந்த வேகவதி ஆறு.
இடது – கொஞ்சம் பரவாயில்லை. தொட்டது இடதாக இருந்திருக்கலாம்.

மார்கழியில் குழந்தையை அழைத்து வர மாட்டார்கள். தை பிறக்க வேண்டும். தை பிறந்தால் மூன்று நாள் பொங்கல். அது கழிந்து வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்ப அத்தைக்கு மனசு வராது. சனி வேண்டாம் என்கிறார் மாமனார். ஆக, தை 6, ஞாயிறு. இன்றிலிருந்து இருபத்தோரு நாள்.

இந்த மாதத்தின் பிடிவாதத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி. எனக்கு இருபத்தோரு நாள் கிடைத்தது.

மார்கழி 15, திங்கள்

விடியும் முன்பே கோயில் ஸ்பீக்கர். குளிர்ந்த தண்ணீரில் கை கழுவல். எரிச்சல்.

தறியில் கல்யாணப் புடவை. உடல் முழுக்க வெள்ளை, கரை அரக்கு. குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டை உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறு, நடுவே இரண்டையும் கோர்த்துக் கோர்த்து நெய்ய வேண்டும். ஒருவரால் ஆகாது. எதிர்க்கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அது மாலதி உட்காரும் இடம். நான்கு மாதமாக அக்கா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். சமையலை முடித்துவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் மதியம் வரை வாயும் கையும் ஓயாது. அவள் இல்லாவிட்டால் இந்தப் புடவை இல்லை. இதை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

இன்று இழை ஏழு தடவை விரல் வெடிப்பில் சிக்கியது. முடியைவிட மெல்லிய இழை. சிக்குவது தெரியாது, இழுபட்ட பிறகுதான் தெரியும். இரண்டு தடவை அறுந்தது.

"இன்னாடா, நாடாவ உடாம புடிச்சிக்கினு இருக்கற?"

"இழை மாட்டிக்கிச்சுக்கா."

"எங்க, காட்டு. ஐயோ சாமி. இதுல தேங்கா துருவலாம்டா. பொங்கலுக்கு வா, எனக்குத் துருவல் கட்ட மிச்சம்."

சிரித்தேன். அவளும். அப்புறம் நேற்றைக்கு நடந்ததைச் சொன்னேன். கன்னம். கோடு. சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போ. நாடாவ அப்புறம் ஓட்டலாம்."

மார்கழி 16, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரி. தோல் பிரிவு. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கொத்தனார், சிமெண்ட் கை. பின்னால் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. எங்கள் மூவருக்கும் ஒரே கை. மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். பாத்திரம் தேய்க்கும் அம்மா என்னிடம்: "நீ இன்னா தொழில்பா? பட்டா? பட்டு மெத்துனு இல்ல இருக்கும்?" கொத்தனார் பெரிதாகச் சிரித்தார்.

டாக்டர் சின்ன வயசு. என் வயசு இருக்கலாம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ கை கழுவுவீங்க?"

எண்ணிப் பார்த்தேன். தறியில் உட்காரும் முன். டீ குடித்த பின். போன் தொட்டால். தலை சொறிந்தால். "பதினஞ்சு."

"எதுல?"

"துணி சோப்புல."

பேனாவைக் கீழே வைத்தார். "துணி சோப்பா? ஏன்?"

"தறியில நீளவாக்குல கட்டியிருக்கற பாவு நூல் வெள்ளை மேடம். வியர்வை பட்டாலே தெரியும்."

"புடவ நல்லா இருக்கும். கை?"

இரண்டு மாதமாகச் சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நானே என் கையை உரித்திருக்கிறேன். அழுக்குக்குப் பயந்த கை, சுத்தத்தால் வெடித்த கை. எம்.ஏ. தத்துவம் படித்தவனுக்குத் தோன்றாதது அவருக்கு இரண்டு கேள்வியில் தெரிந்துவிட்டது. நன்றி, மேடம்.

எழுதிக் கொடுத்தது:

1. துணி சோப்பு – கிட்டேயே போகக்கூடாது.
2. வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பு.
3. கழுவியதும், ஈரம் முழுசாகக் காய்வதற்குள் களிம்பு. ஒவ்வொரு தடவையும்.
4. இரவில் தாராளமாகக் களிம்பு, மேலே பருத்தி உறை.
5. சின்ன டியூப் – வெடிப்பில் மட்டும், ஏழு நாள் மட்டும்.

மூன்றாவதில் சிக்கல். களிம்புக் கையால் பட்டைத் தொட முடியாது. சொன்னேன். யோசித்தார். "அப்ப சாயங்காலத்திலிருந்து காலை வரைக்கும் போடுங்க. லேட் ஆகும்."

"எத்தன நாள்?"

"மூணு வாரம் ஆகலாம். கைதான் சொல்லணும்."

வீட்டுக்கு வரும் வழியில் ரஃபியின் மெடிக்கல். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்து பெஞ்சு. சீட்டைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தான். "அடப்பாவி. முதலைக் குட்டி வளக்கறியா? அப்பா ஆனவன் கையாடா இது?" பெரிய டப்பா வெள்ளைக் களிம்பு எடுத்து வைத்தான். வாசனை இல்லாதது. "வாசன இருந்தா எரியும் மச்சி. என் தங்கச்சி கைக்கும் இதுதான்." கேட்காமலே சொன்னான். கேட்காமலே சொல்பவர்களால்தான் என் வண்டி ஓடுகிறது.

மார்கழி 17, புதன்

ஆங்கிலப் புத்தாண்டு. தெரு முழுக்கக் கோலத்தில் ஹேப்பி நியூ இயர். ஒரு வீட்டில் ஒரு எழுத்து விடுபட்டு, ஓரத்தில் செருகியிருந்தார்கள்.

இன்று தப்பு செய்தேன். எழுதி வைக்க வேண்டும்.

சீக்கிரம் ஆற வேண்டும் என்ற அவசரம். பத்து மணி டீக்கு எழுந்தவன் களிம்பு தடவினேன். அரை மணி நேரம் ஊற விட்டு, துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டால் போதும் என்று கணக்கு. துடைத்தேன். கை உலர்ந்த மாதிரிதான் இருந்தது. உட்கார்ந்தேன். அறுந்த இழையை முடிய, பாவு இழைகளை இரண்டு விரலால் ஒதுக்கினேன்.

அக்காதான் முதலில் பார்த்தாள். பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்ததால்தான் எனக்கு விளங்கியது. வெள்ளைப் பாவில் இரண்டு புள்ளி. கட்டைவிரல், சுட்டுவிரல். வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி. ரேகைகூடத் தெரிந்தது. திருடன் போலீசுக்கு விட்டுப் போனது போல.

"எந்திரி. தொடாத. மூச்சு கூட உடாத."

வீட்டுக்கு ஓடினாள். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவோடு வந்தாள். புள்ளி மேல் கொட்டினாள். மேலே தாள். தாள் மேல் பித்தளை டம்ளர். நான் சுவரோரம் நின்றேன், ஹோம்வொர்க் செய்யாதவன் போல. கால் மணி கழித்து ஊதினாள், மெல்லிய பிரஷ்ஷால் தட்டினாள். மறுபடி பவுடர். மறுபடி டம்ளர். மூன்றாம் தடவை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"போயிடுச்சு."

நானும் பார்த்தேன். போயிருந்தது.

"எங்க கத்துக்கினேக்கா?"

"என் கல்யாணப் பொடவைல உங்க மாமா மிக்சர் துன்ன கைய வெச்சாரு. மொத நாளே. அதுலருந்து நான் எல்லாம் கத்துக்கினேன்."

பிறகு, தணிந்து: "யாருகிட்டயும் சொல்லாத."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

"அதான் தினம் எதையோ எழுதிக்கினு கிடக்கறியே."

எழுதிவிட்டேன் அக்கா. மன்னிக்க.

மார்கழி 19, வெள்ளி

ஒரு முறை அமைந்துவிட்டது.

மாலை ஐந்தரைக்குத் தறியை விட்டு எழுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம். துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே களிம்பு. மேலே உறை. உறை அக்கா தைத்தது. என் பழைய பனியனை வெட்டி, விரல் விரலாக. இடது கையில் சுண்டுவிரலை மறந்துவிட்டாள். "நாலு போதாதா? நீ இன்னா வீணை வாசிக்கப் போறியா?" திட்டிக்கொண்டே பிரித்து, அதையும் தைத்தாள்.

காலையில் பயத்தம் மாவு. எண்ணெயை எடுக்கும், தோலை எடுக்காது. பிறகு சோதனை. இந்த டைரியின் பக்க ஓரத்தில் விரலை அழுத்துகிறேன். தாளை ஜன்னலுக்கு எதிரே பிடிக்கிறேன். தாள் தாளாகவே இருந்தால் தறிக்குப் போகலாம். கண்ணாடியாகிவிட்டால் மறுபடி மாவு.

இன்று காலை இரண்டு தடவை கண்ணாடி. மூன்றாவது தாள்.

உறை போட்ட கையால் போனை எடுக்க முடியாது. ஆறு மணிக்கு மாலதியின் வீடியோ கால். தேய்த்தேன், தட்டினேன். முழங்கையால் முயன்றேன். கடைசியில் மூக்கு.

"இன்னாங்க இது? குகையா?"

"மூக்கு."

ரொம்ப நேரம் சிரித்தாள். இத்தனை நாளில் அவள் இப்படிச் சிரித்துக் கேட்கவில்லை. பாப்பாவின் முகத்துக்கு நேரே போனைத் திருப்பினாள். பாப்பா கொட்டாவி விட்டாள். நான் கை நிலவரம் முழுக்கச் சொன்னேன். கட்டைவிரல், கணு, டாக்டர், பவுடர் (அக்காவிடம் சொல்லாதே). கால் மணி நேரம் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். "ஆறிடும்ங்க" என்றாள். நல்ல மனுஷி.

மார்கழி 22, திங்கள்

பனி குறைவு. கட்டைவிரல் பிளவு மூடிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் புதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி. நேற்று இழை ஒரே ஒரு தடவை சிக்கியது. இன்று இல்லை.

படிக்கும்போது ஒரு பருவம் முழுக்கப் புலன்கள் பற்றி. பார்வைக்குப் புத்தகம் புத்தகமாக. தொடுதலுக்கு இரண்டு வகுப்பு. எழுதியவர்கள் யாருக்கும் கை வெடிக்கவில்லை போல. பார்த்தால் பார்க்கப்படும் பொருளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தொட்டால் ஆகிறது. கன்னத்துக்கு ஆனது.

"படிச்சுட்டு ஏம்பா தறி?" என்று இன்றும் ஒருவர். பால் வாங்கும் இடத்தில். இரண்டும் உட்கார்ந்து செய்யும் வேலை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏழு நாள் டியூப் இன்றோடு முடிந்தது. பிழிந்து எறிந்தேன்.

இன்றைய நன்றி: பயத்தம் மாவு. பனியன். வெதுவெதுப்பு என்ற சொல்.

மார்கழி 25, வியாழன்

புடவை தறியிலிருந்து இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாகப் பார்த்தோம். பவுடர் போட்ட அந்த இடத்தில் இருவரும் மூச்சைப் பிடித்தோம். ஒன்றுமில்லை. அக்கா மடித்தாள். "மகராசியா கட்டிக்கட்டும்" என்றாள், யாரென்று தெரியாத பெண்ணுக்கு.

அடுத்த பாவு ஏற்றப் பொங்கல் கழிய வேண்டும். ஆகவே பகலிலும் களிம்பு. பத்து நாள் விடுமுறை கைக்கு.

சாயங்காலம் சோதனை. உடம்பில் மெல்லிய தோல் எது? கண்ணிமை. கண்ணை மூடி, வலது சுட்டுவிரலால் மேலிருந்து கீழே. அன்று தொட்ட மாதிரியே. கீறவில்லை. இன்னொரு தடவை. கீறவில்லை. மூன்றாம் தடவை தேவையில்லை. ஆனாலும் செய்தேன்.

மாலதிக்குப் போன். "ஆறிடுச்சு."

"அப்பாடா" என்றாள். "பாப்பாவுக்குச் சொல்லிடறேன்."

ஐந்து நிமிஷம் அறைக்குள் நடந்தேன். யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியாத நன்றி. தோலுக்கா? அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. நான் உரிப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

மார்கழி 27, சனி

நல்ல வெயில். பாப்பா வரும் அறைக்கு வெள்ளை அடித்தேன். பெயிண்ட் நாற்றம் குழந்தைக்கு ஆகாது. ஆகவே சுண்ணாம்பு. தொட்டியில் நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து. வெள்ளை அடிக்கும் மட்டையின் நார் உதிர்ந்து உதிர்ந்து வந்தது. உதிர்ந்ததை வாளிக்குள் கைவிட்டு எடுத்தேன். மூலைகளைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். சாயங்காலம் அறை பளீரென்றது. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம்.

ஏழு மணிக்கு விரல் நுனி எரிய ஆரம்பித்தது.

மார்கழி 29, திங்கள். போகி.

தெருவெல்லாம் புகை. பழைய பாய், உடைந்த முறம், எதிர்வீட்டு டயர். கண் எரிகிறது. கை அதைவிட.

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. பேனா பிடிக்கும் இடத்தில் தோல் இல்லை. கட்டைவிரல் பழைய இடத்திலேயே திறந்துகொண்டது. சுட்டுவிரலில் மூன்று. முன்பு இரண்டு.

அக்கா கையைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். மறுபடி கையை.

"சுண்ணாம்புல கைய உட்டியா? கையாலயா? மட்ட எதுக்குடா இருக்குது?"

"நார் உதிர்ந்துச்சு…"

"உதிரட்டும்! செவுத்துல நாரு இருந்தா கொழந்த இன்னா, 'யாருப்பா அடிச்சது'ன்னு கேக்கப் போவுதா? எம்.ஏ.வாம். எந்த மடையன்டா உனக்குப் பாஸ் போட்டான்?"

திட்டிக்கொண்டே என் கையைத் தன் மடியில் வைத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, ஒற்றி, களிம்பு வைத்தாள். ஒவ்வொரு விரலாக. திட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். வெடிப்புக்கு மேலே அவள் விரல் பட்டதே தெரியவில்லை.

இன்னும் ஆறு நாள். பத்து நாளில் ஆறியது ஆறு நாளில் ஆறாது. கணக்கு எளிது.

தை 1, செவ்வாய்

பொங்கல் அக்கா வீட்டில். உறை போட்ட கையோடு போனேன். அக்காவின் கணவர் மாமா: "வாப்பா, குத்துச்சண்ட எங்க?" அக்கா ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். நெய் வாசனை. கரும்பை மட்டும் கடிக்க முடியவில்லை, பிடிக்கத் தெரியாமல். மாமா வெட்டிக் கொடுத்தார், துண்டு துண்டாக, பல் இல்லாதவனுக்குப் போல.

மாலதியிடம் கை திரும்ப வெடித்ததைச் சொல்லவில்லை. "எப்படி இருக்குது?" என்றாள். "இருக்குது" என்றேன்.

தை 5, சனி

மேகமூட்டம். குளிர் இல்லை. காலையில் வீட்டைக் கழுவியது அக்கா. என்னைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை.

கை இன்று:

கட்டைவிரல் – பாதி மூடியது.
சுட்டுவிரல் – ஒன்று மூடியது, இரண்டு இல்லை.
நுனிகள் – சொரசொரப்பு. கண்ணிமைச் சோதனை: கீறுகிறது.

ரஃபி சொன்ன யோசனை: உறையோடு தூக்கு. யோசித்தேன். பிறந்த அன்று துணியைத் தூக்கினேன். இப்போது துணியால் தூக்கவா?

முடிவு: நாளைக்குத் தூக்க மாட்டேன். ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இன்னும் இரண்டு வாரம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரே வீட்டில் இருப்பாள். அதுவே பெரிது. இதுவரை பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்தால் இல்லை.

தை 6, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். அக்கா ஆரத்தி. பாப்பா ஆரத்தித் தட்டின் சிவப்பையே பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை கவனித்தார். "கொழந்த தூங்கி எந்திரிக்கட்டும், அப்புறம் அப்பாகிட்ட போவும்" என்றார். மறுபடியும் எனக்காக. இந்தத் தடவை நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது.

சாப்பாடு. பேச்சு. நான் வெள்ளை அடித்த அறையை மாமனார் புகழ்ந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு அத்தையும் மாமனாரும் கிளம்பினார்கள். அக்கா வீட்டுக்குப் போனாள். பாப்பா தூளியில். வீட்டில் நாங்கள் மூவர். முதல் தடவையாக.

மாலதிக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கியவள் "ஸ்ஸ்" என்று இழுத்து, கீழே வைத்துவிட்டாள்.

"சூடா?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் செய்வது மாதிரியே. அதனால்தான் தெரிந்தது.

"காட்டு."

"ஒண்ணும் இல்லங்க."

பிடித்துத் திருப்பினேன். பத்து விரலும். கணுக்கணுவாக வெடிப்பு. உள்ளங்கை உரிந்து சிவப்பு. விரலிடுக்கில் ரத்தம் காய்ந்த கோடு. என்னுடையதைவிட மோசம். எவ்வளவோ மோசம்.

"எத்தன நாளா?"

"தெரியல. ரெண்டு மாசம் இருக்கும். பாப்பா துணிதான். ஒரு நாளைக்கு இருவது துணி ஆவுது. அம்மாவால குனிய முடியாது. குளுரு தண்ணி, சோப்பு. அதான்."

"ஏன் சொல்லல?"

கோபமில்லை. சிரித்தாள்கூட. "போன் எடுத்தா நீங்க உங்க கையப் பத்தியே சொல்லிக்கினு இருந்தீங்க. நடுவுல நான் எங்க சொல்றது?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. நாற்பது தடவையாவது பேசியிருப்போம். பால் குடித்தாளா, தூங்கினாளா, என் கட்டைவிரல், என் கணு. இந்த டைரியைப் புரட்டினேன். இருபத்தோரு நாளில் மாலதியின் கை என்று ஒரு வரி இல்லை.

"இந்தக் கையோடதான் பாப்பாவத் தூக்கினயா?"

"பின்ன, வேற கைக்கு எங்க போறது?"

"கீறலயா?"

"கீறும். அழுவும். அப்புறம் பால் குடிக்கும். அதுக்கு என்னாங்க தெரியும், அம்மா கைன்னா இப்படித்தான் போலன்னு நெனச்சிக்கும்."

எழுந்து தண்ணீர் வைத்தேன். வெதுவெதுப்பு. அவள் கை இரண்டையும் உள்ளே வைத்தேன். ஐந்து நிமிஷம். ஒற்றினேன். களிம்பு, தாராளமாக. கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து. விரலிடுக்கில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கிறதா என்றேன். இல்லை, யாரும் தொட்டு ரொம்ப நாளாச்சு என்றாள். என் விரல் சொரசொரப்பு, அவள் விரல் சொரசொரப்பு. களிம்பு நடுவில். எது யாருடைய வெடிப்பு என்று தெரியவில்லை.

இடது கை முடியும் நேரம் தூளி ஆடியது. முனகல். பிறகு அழுகை.

மாலதி எழப் போனாள். களிம்பில் ஊறிய இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வழுக்கும். நீங்க தூக்குங்க."

"என் கை இன்னும்…"

"அழுதுக்கினு இருக்குது. தூக்குங்க."

கையைத் துடைத்துக்கொண்டு தூளியை விலக்கினேன். கழுத்துக்குக் கீழே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று. "தல, தல" என்றாள் மாலதி பின்னாலிருந்து. தூக்கிவிட்டேன். பாப்பா தானாகவே உருண்டு இடம் பார்த்துக்கொண்டாள். தலை என் முழங்கை மடிப்பில். முதுகு முன்கையின் உள்பக்கம். அங்கே தோல் வெடித்ததில்லை. எப்போதுமே வெடித்ததில்லை. இத்தனை நாளும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தாங்குவது விரல் இல்லை.

சூடு. இவ்வளவு சூடாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. அழுகை நின்றது. என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு மறுபடி பொத்தான்.

கொஞ்ச நேரத்தில் என் மேலேயே ஒன்றுக்குப் போனாள். மாலதி கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

துணி மாற்றினேன். மாலதி சொல்லச் சொல்ல. மூன்றாவது முயற்சியில் நின்றது. இப்போது தூங்குகிறாள். மாலதியும், என் பனியன் உறை இரண்டும் மாட்டிக்கொண்டு.

அவர்கள் வந்ததிலிருந்து வாளியில் ஏழு துணி. ரஃபி எட்டு மணிக்குக் கடை அடைப்பான். போன் போட வேண்டும். துவைக்க ரப்பர் உறை. எனக்குப் பெரியது ஒரு ஜோடி, மாலதி அளவுக்கு ஒரு ஜோடி.

இல்லை. பெரியது மட்டும் போதும்.